மேலத்தெருவை மேலே வரைந்த சிறுமி: மூன்றாம் வகுப்பில் திசை கற்பித்த ஓராண்டு

பின்னணி

2023-24 கல்வியாண்டில், கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள ஒரு கடற்கரை ஊரின் தொடக்கப் பள்ளியில் நடந்தது இது. ஊர்ப் பெயரும் பிள்ளைகளின் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தவறு என்னுடையது, அதை மட்டும் மறைக்கவில்லை.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். நான்கு, ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்க்கிறார். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. அந்த ஆண்டு என் அறையில் 31 பிள்ளைகள், அதில் மூன்றாம் வகுப்பு 11 பேர். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-23இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்துத்தான் நடத்துகிறோம். தமிழ், ஆங்கிலம், கணக்குக்கே பகல் முழுவதும் சரியாகப் போய்விடும். திசை, வரைபடம் எல்லாம் கிடைக்கிற இடைவெளியில் நுழைக்க வேண்டிய சங்கதிகள். அதனால் அவசரமாகத்தான் நடத்துவோம். அவசரமாக நடத்தினால் சுவரில் தொங்கும் வரைபடத்தைக் காட்டி, "மேலே வடக்கு, கீழே தெற்கு, வலப்பக்கம் கிழக்கு, இடப்பக்கம் மேற்கு" என்று சொல்லவைத்து முடித்துவிடுவோம். பதினோரு ஆண்டுகளாக நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

இங்கே ஊரின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். நடந்த குழப்பம் முழுவதும் அதிலிருந்து வந்ததுதான். நடுவில் கோயில். இந்தக் கரையில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். கோயிலுக்கு மேற்கே இருப்பது மேலத்தெரு, கிழக்கே இருப்பது கீழத்தெரு. பள்ளி கீழத்தெருவின் கடைசியில். சரியாகச் சொன்னால் கடல் தென்மேற்கில் கிடக்கிறது, ஊர்ப்பேச்சில் அது தெற்கு. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் வடகிழக்கே மலை தெரியும். தரை கடலோரத்தில் தாழ்ந்து, மலைப்பக்கம் போகப்போக ஏறும்.

நான் வள்ளியூர் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மலை மேற்கே, கடல் கிழக்கே. மேற்கு உயரம், கிழக்கு பள்ளம். மேல், மேற்கு, கீழ், கிழக்கு என்ற சொற்களும் தரையும் எங்களுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகும். திசையில் எனக்குக் குழப்பம் வந்ததாக நினைவே இல்லை. இங்கே மேடு ஒரு பக்கம், மேற்கு வேறு பக்கம் என்பது பதினோரு ஆண்டுகள் இங்கேயே நடந்தும் என் மூளையில் ஏறவில்லை.

ஜூன்: "வடக்கு எங்கே?"

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மூன்றாம் வகுப்பை எழுந்து நிற்கச் சொல்லி, வடக்கு எங்கே என்று கையால் காட்டச் சொன்னேன். சென்ற ஆண்டே நடத்திய பாடம் என்பதால் சும்மா ஒரு நினைவூட்டல்தான். 11 பேரில் ஆறு பேர் கூரையைக் காட்டினார்கள். மூன்று பேர் கரும்பலகைச் சுவரைக் காட்டினார்கள். தமிழ்நாடு வரைபடம் அங்கேதான் தொங்குகிறது, அந்தச் சுவர் இருப்பது மேற்கே. ஒரு பையன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஒரு சிறுமி மட்டும் எதையும் காட்டாமல், "வீட்ல நின்னா தெரியும் டீச்சர்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அந்தப் பதிலை அப்போது கவனித்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

அன்று எழுதிய குறிப்பு என் நோட்டில் இன்னும் இருக்கிறது: "திசைகள் மறந்துவிட்டன. மறுபடி நடத்த வேண்டும்." ஆறு பேர் கூரையைக் காட்டியதை மறதி என்று எழுதியிருக்கிறேன். "மேலே வடக்கு" என்று நான் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் மேலே காட்டினார்கள். ஒருவர்கூட மறக்கவில்லை.

சூரியனை வைத்தும் முயன்றேன். "காலையில் சூரியனைப் பார்த்து நில், எதிரே கிழக்கு." பள்ளி கூடும் ஒன்பதேகால் மணிக்குச் சூரியன் தென்னந்தோப்புக்கு மேலே ஏறிவிடுகிறது. அது உதிக்கும் இடம் இந்தப் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை, மறையும் இடம்தான் படுகிறது. சாயங்காலம் அது கடலில் இறங்குவதைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் படம் வரையச் சொன்னால் எல்லோரும் இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதிப்பதைத்தான் வரைகிறார்கள். அந்தப் படத்தை எந்த ஊர்ப் பிள்ளை முதலில் வரைந்ததோ!

ஜூலை: சிவப்பு மை

ஜூலை முதல் வாரம், "உன் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரை" என்று ஒரு வேலை கொடுத்தேன். "வீட்ல நின்னா தெரியும்" என்று சொன்ன அதே சிறுமி முழுத்தாளில் வரைந்து வந்தாள். தாளின் உச்சியில் மேலத்தெரு, அங்கே அவள் வீடு. நடுவில் கோயில், பக்கத்தில் குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்), பெரிய கிணறு, ஒரு பெட்டிக்கடை. அடியில் கீழத்தெருவும் பள்ளியும். தாளின் இடது ஓரம் முழுக்க நீலம் தீட்டி, கடல். வலது ஓரத்தில் மூன்று முக்கோணம், மலை.

நான் சிவப்பு மையால் இரண்டு அம்புகள் போட்டேன். கடலிலிருந்து தாளின் அடிக்கு ஒன்று, மலையிலிருந்து உச்சிக்கு ஒன்று. "கடல் கீழே, மலை மேலே வர வேண்டும். திசையைக் கவனி" என்று எழுதி, பத்துக்கு நான்கு போட்டேன்.

அதற்குப் பிறகு பத்து நாட்கள் அவள் புத்தகத்தில் உள்ள நான்கு அம்புப் படத்தையே நோட்டில் திரும்பத் திரும்ப வரைந்தாள். வ, தெ, கி, மே என்று எழுத்து அழகாக, கோடு நேராக. தேறிவிட்டாள் என்று நினைத்தேன். தன் தெருவை அவள் மறுபடி வரையவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

பாட்டா வந்த நாள்

ஜூலை நடுவில் ஒரு நாள் காலை, ஆதார் நகல் கொடுக்க அவளுடைய பாட்டா, அதாவது தாத்தா, வந்தார். அப்பா கொச்சிப் பக்கம் படகில் வேலை பார்ப்பதால் பள்ளி வேலையெல்லாம் பாட்டாதான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வள்ளத்தில் போவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆயிற்று. நகலைக் கொடுத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

"டீச்சரே, பிள்ளைக்க படத்துல என்ன குத்தம்?"

கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சுவர் வரைபடத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்து தாளைத் தரையில் விரித்தார். ஆனி, ஆடிக் காற்று தாளைத் தூக்கியது. ஒரு மூலையைத் தன் கால் பெருவிரலால் அழுத்தினார், இன்னொரு மூலையில் என் சாவிக்கொத்தை வாங்கி வைத்தார். பிறகு தாளை இடப்பக்கமாக மெல்லத் திருப்பினார், கால் சுற்றுதான் இருக்கும். நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"இன்னா கடலு. இன்னா கோயிலு. அன்னா மலை. மேலத்தெரு அந்தால. எல்லாம் இருக்க வேண்டிய எடத்துலதான இருக்கு?"

இருந்தது. தாளில் நீலம் இருந்த பக்கம் உண்மையான கடல் இரைந்துகொண்டிருந்தது. முக்கோணங்கள் மலையைப் பார்த்துக் கிடந்தன. கிணறும் பெட்டிக்கடையும்கூடப் பக்கம் மாறாமல் இருந்தன. அவள் வரைந்தது மேற்கை உச்சியில் வைத்த வரைபடம். மேலத்தெருவை மேலே வைத்தாள், அதற்கேற்ப மற்ற எல்லாவற்றையும் பிசகில்லாமல் வைத்தாள். மேற்கு உச்சியில் இருந்தால் தெற்கு இடப்பக்கம்தான் வர வேண்டும், வடக்கு வலப்பக்கம்தான் வர வேண்டும். என் சிவப்பு அம்புகள் சொன்னபடி கடலையும் மலையையும் மட்டும் மாற்றி, தெருக்களை அப்படியே விட்டிருந்தால்தான் படம் தப்பாகியிருக்கும்.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கடலில் நிற்கிற இடம் தெரிய, கோயில் கோபுரத்தையும் பின்னால் தெரிகிற மலையையும் ஒன்றுக்கொன்று நேர் வைத்துப் பார்ப்பார்களாம். வள்ளம் நகர்ந்தால் கோபுரம் மலையை விட்டு விலகும். "இதுல மேல ஏது, கீழ ஏது டீச்சரே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்ததில், ஒரே சொல்லை மூன்று பொருளில் பயன்படுத்தியிருக்கிறோம் என்று புரிந்தது. "மேலே" என்றால் பிள்ளைக்குக் கூரை. தெருவில் "மேல" என்றால் மேற்கு. தாளில் "மேலே" என்றால் வடக்கு. போதாததற்கு இந்த ஊரில் தரையின் மேடு வடகிழக்கு. எட்டு வயதுப் பிள்ளையிடம் இந்த நான்கையும் கொட்டிவிட்டு மறதி என்று எழுதிக்கொள்கிறேன்.

ஆகவே முதலில், வரைபடம் பேசும்போது மேலே, கீழே என்ற சொற்களை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பதில் "தாளின் தலைப்பக்கம்", "கால்பக்கம்". கேட்க விசித்திரமாக இருந்தாலும் பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பாயில் படுப்பதுபோல என்றான் ஒருவன்.

அடுத்து, சுவரிலிருந்து வரைபடத்தை இறக்கித் தரையில் விரிப்பது. இதற்குத் தலைமையாசிரியர் தயங்கினார். "ஆய்வுக்கு வர்றவங்க சுவரைத்தான் முதல்ல பாப்பாங்க டீச்சர். வெறும் ஆணி தொங்கினா என்ன சொல்றது?" அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பாடம் முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவது என்று பேசி முடித்தோம்.

மூன்றாவது, அந்தச் சிறுமியின் தாள். சிவப்பு மையை அழிக்க முடியாது. வகுப்பின் முன் அதைத் தரையில் விரித்து, பாட்டா செய்தபடியே திருப்பிக் காட்டி, "டீச்சர் போட்ட அம்புதான் தப்பு" என்றேன். மதிப்பெண்ணையும் திருத்தினேன். இதைச் செய்யக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் செய்யாமல் விட்டால் அவள் நான்கு அம்பையே வரைந்துகொண்டிருப்பாள் என்று தோன்றியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தாளின் பின்பக்கத்தில் பஸ் ஸ்டாப்பையும் வரைந்து கொண்டுவந்தாள்.

நிழல் ஏமாற்றிய மதியம்

முற்றத்தில் நான்கு திசைக்கும் நிலையான ஒரு குறி வேண்டும் என்று நினைத்தேன். செல்போன் திசைகாட்டியை வைத்து ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். ஆனால் பிள்ளைகள் கண்டுபிடிப்பதாக இருக்கட்டும் என்று நிழல் முறையை எடுத்தேன். மண் நிரப்பிய பெயின்ட் வாளியில் ஒரு மீட்டர் அளவுகோலை நட்டு, நிழலின் நுனியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாக்பீஸால் குறிப்பது. எந்த நிழல் எல்லாவற்றிலும் குட்டையோ, அதுதான் வடக்கு தெற்குக் கோடு.

மூன்று நாள் மேகம் விடவில்லை. நான்காம் நாள் வெயில் அடித்தது. உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாம் இருப்பதோ 77 டிகிரியை ஒட்டி. அதனால் இருபது நிமிடத்துக்கு மேல் பிந்தும். 12.25ஐ ஒட்டி நிழல் மிகவும் குட்டையானது, சரியாக ஒரு சாண். சாப்பாடு ஆறுகிறது என்று சத்துணவுக்கூடத்திலிருந்து இரண்டு முறை குரல் வந்துவிட்டது. அவசரமாக, "நண்பகலில் நிழல் வடக்கே விழும்" என்று சொல்லி, நிழலின் நுனியில் "வ" என்று எழுதக் குனிந்தேன்.

"டீச்சர், அது கடலு பக்கமில்லா?"

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். நிமிர்ந்து பார்த்தேன். நிழல் கடலைப் பார்த்துக் கிடந்தது, அதாவது தெற்கே.

நான் படித்த பாடங்களில் எல்லாம் நண்பகல் நிழல் வடக்கேதான் விழுந்தது. கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு அது ஆண்டு முழுவதும் சரி. கன்னியாகுமரி மாவட்டம் இருப்பது சுமார் 8 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டிச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பத் தலையைக் கடந்து தெற்கே போகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே, நிழல் தெற்கே. ஜூலையில் இந்தச் சோதனையைச் செய்து, சொல்லிக்கொடுத்தபடி எழுதினால், குமரிப் பள்ளி முற்றங்களில் வடக்கும் தெற்கும் இடம் மாறிவிடும். கோடு சரியாகத்தான் இருக்கும். எந்த முனை எது என்பதை நிழல் சொல்லாது, அதை ஊர்தான் சொல்ல வேண்டும். அன்று ஒரு ஏழு வயதுப் பையன் சொன்னான்.

கோட்டைப் பெயின்டால் வரைந்தோம். நிழல் நுனி இருந்த இடத்தில் ஒரு செங்கல் துண்டைப் பதித்தோம், பிறகு பார்க்கலாம் என்று.

ஆகஸ்டும் செப்டம்பரும்

முற்றத்தில் பிள்ளைகள் மணலைப் பரப்பி ஊரைச் செய்தார்கள். சிரட்டையைக் கவிழ்த்தால் கோயில், சிப்பி வைத்தால் வீடு. ரோட்டுக்குக் கருமணல் கொண்டுவந்தார்கள், இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை. நான் சொன்ன விதி ஒன்றே ஒன்று: மணலில் வைக்கும் ஒவ்வொன்றும் உண்மையில் அது இருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். சண்டை வந்தால் எழுந்து நின்று கையால் காட்டித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பலமுறை மழை கரைத்தது, பலமுறை திரும்பச் செய்தார்கள். மூன்றாவது முறை செய்யும்போது யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

மணலில் தெருப்பெயர் எழுதும்போது நடந்த ஒரு பேச்சைச் சொல்ல வேண்டும். மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு என்றேன். "எதுக்கு மேக்க?" என்றாள் ஒருத்தி. கோயிலுக்கு மேற்கே. உடனே, மேலத்தெருவையும் தாண்டி மேற்கே புதுவீடு கட்டிப்போன பையன் ஒருவன் யோசித்துக் கேட்டான்: "அப்போ எங்க வீட்டுக்கு மேலத்தெரு கிழக்கயா டீச்சர்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் வீட்டுச் சிப்பியில் விரலை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்து, ஆமாம் என்றார்கள். திசை என்பது இடத்தின் பெயர் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்ப்பது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது. மறுவாரம் பஸ் போர்டில் பார்த்த பெயர்களோடு வந்தார்கள்: மேல்புறம், மேலசங்கரன்குழி, தெற்கு சூரங்குடி. ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, எதுக்கு மேக்க, எதுக்குத் தெக்க.

சரிப்படாததும் உண்டு. முதல் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது வீண். ஆறு வயதுக்கு நான்கு திசைப் பெயர்கள் வெறும் பாட்டுதான். கடல் பக்கம், மலைப்பக்கம், கோயில் பக்கம் என்று கேட்டால் பிசகில்லாமல் காட்டுகிறார்கள், கிழக்கு என்றால் முழிக்கிறார்கள். செப்டம்பரில் அவர்களிடம் திசைப் பெயர் கேட்பதையே நிறுத்தினேன். தெருவுக்கு அழைத்துப் போனதிலும் சிக்கல் வந்தது. எழுத்து வேலையை விட்டு ஊர்சுற்றுகிறார்கள் என்று இரண்டு வீட்டிலிருந்து புகார் வந்தது. 31 பேரை ஒருத்தியாக ரோட்டில் நடத்திப் போவது சரியில்லை என்று தலைமையாசிரியரும் சொன்னார், அதை நான் மறுக்க முடியாது. நடை இரண்டோடு நின்றது. கடலோரத்துக்கு நான் அழைத்துப் போகவே இல்லை, அலை அடிக்கிற மாதங்கள்.

இரண்டு தடைக்காலம்

அக்டோபரில் தமிழ்நாடு வரைபடத்தைத் தரையில், முற்றத்துக் கோட்டுக்கு ஒத்து விரித்தோம். சுற்றி உட்கார்ந்தார்கள். யாருக்கும் அது தலைகீழ் இல்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் வடக்கு வடக்கிலேயே இருந்தது. நம் ஊர் எங்கே என்று விரல் வைத்த பிறகு வந்த கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: சென்னைக்குக் கடல் அந்தப் பக்கம் இருக்கும்போது நமக்கு ஏன் இந்தப் பக்கம்?

இதை விளக்கப் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் போதுமானதாக இருந்தது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டும் 61 நாள். இந்த ஒரே மாவட்டத்துக்குள் இரண்டும் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்துப் படகுகளுக்கு முதல் கணக்கு, குளச்சல் பக்கத்துக்கு இரண்டாவது. ஒரு பையனின் மாமா சின்னமுட்டத்தில், அப்பா குளச்சலில். அங்கே தடை, இங்கே இல்லை என்ற பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்தவன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்டதில்லை. வரைபடத்தின் கால்பக்க நுனியில் விரலை வைத்து, ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அப்பா என்று ஓட்டிப் பார்த்தான். காலண்டரை எடுத்துவந்து இரண்டு தடைக்காலத்தையும் வண்ணம் தீட்டினோம். ஜூன் முதல் பதினான்கு நாளில் இரண்டு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "அந்த ரெண்டு வாரமும் மாமாவும் வீட்ல, அப்பாவும் வீட்ல" என்றான்.

அன்று கணக்கு வகுப்பு நடக்கவில்லை. 61 நாளை மாதம் மாதமாக எண்ணியதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சுவருக்குத் திரும்பியது

தரையிலேயே இருந்துவிட முடியாது. தேர்வுத்தாளும் மேல் வகுப்பும் சுவர் வரைபடத்தைத்தான் கேட்கும். நவம்பரில் ஒரு நாள் நான்கு பிள்ளைகள் வரைபடத்தின் நான்கு மூலைகளைப் பிடித்து, வடக்கு ஓரத்தை மெல்லத் தூக்கி, சுவரில் சாய்த்தார்கள். அப்போதுதான் மண்டையில் அடித்ததுபோல இருந்தது. சாய்க்க வேண்டியது வடக்குச் சுவரில். அங்கே சாய்த்தால் தரையில் வடக்காக இருந்த ஓரம் உச்சிக்குப் போகிறது, அவ்வளவுதான். கிழக்கும் மேற்கும் அந்தந்தப் பக்கமே இருக்கின்றன. நாங்கள் இத்தனை ஆண்டும் மாட்டிவைத்திருந்ததோ மேற்குச் சுவரில். அங்கே நின்று பார்க்கும் பிள்ளைக்கு வரைபடத்தின் கிழக்கு, அறையின் வடக்கைக் காட்டும். ஜூனில் மூன்று பேர் கரும்பலகைச் சுவரை வடக்கு என்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

வடக்குச் சுவரில் பீரோ நின்றது. தலைமையாசிரியரும் நானும் சத்துணவு அக்காவும் சேர்ந்து அதை நகர்த்தினோம். ஆணி அடிக்க ஐந்து நிமிடம்.

அரையாண்டும் ஜனவரியும்

டிசம்பரில் நானே எழுதிய தேர்வுத்தாளில் "வரைபடத்தில் மேல் பகுதி எந்தத் திசை?" என்று ஒரு கேள்வி இருந்தது. பழைய தாளைப் பார்த்து எழுதிய பழக்கதோஷம். ஏழு பேர் வடக்கு என்றும், மூன்று பேர் மேற்கு என்றும் எழுதினார்கள், ஒருவன் எழுதவில்லை. மேற்கு என்று எழுதிய மூவரில் அந்தச் சிறுமியும் ஒருத்தி. விடைக்குறிப்பின்படி மதிப்பெண் போட முடியவில்லை. பக்கத்தில் "உன் படத்தில் சரி" என்று எழுதினேன். கேள்வியை எழுதியவள் நான் என்பதால் அது எனக்கே ஒரு குறிப்புதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து அதே வாளி, அதே அளவுகோல். பன்னிரண்டரை மணிக்கு நிழல் செங்கல் இருக்கும் பக்கமே போகவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி வடக்கே நீண்டது, இரண்டரைச் சாண். பிள்ளைகள் செங்கல்லுக்கும் நிழலுக்கும் நடுவே குதித்தார்கள். சூரியன் இடம் மாறிவிட்டதா, வாளியை யாராவது நகர்த்தினார்களா என்று விவாதம். தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பள்ளி திறந்த காலத்தில் சூரியன் வாட்டர் டேங்குக்கு இடப்பக்கம் வந்தது, இப்போது வலப்பக்கம் வருகிறது என்றாள் ஒருத்தி. யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. உதயம் டிசம்பர் வாக்கில் கிழக்கிலிருந்து தெற்கே விலகும், ஜூனில் வடக்கே விலகும் என்று அதன் பிறகு சொன்னேன்.

அன்று ஜூனில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டேன். முற்றத்தில் 11 பேரில் பத்துப் பேர் வடக்கைச் சரியாகக் காட்டினார்கள். அறைக்குள் எட்டுப் பேர். கண்ணை மூடி இரண்டு சுற்றுச் சுற்றவிட்டுக் கேட்டபோது, கண்ணைத் திறந்ததும் பலர் முதலில் ஜன்னலைப் பார்த்தார்கள், கடல் எந்தப் பக்கம் என்று. கூரையை யாரும் காட்டவில்லை.

மறுபடி செய்தால்

நிழல் சோதனையை ஜூலையில் ஆரம்பிப்பேன், ஆனால் வடக்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டேன். எந்தப் பக்கம் விழுந்தது என்று அவர்களே எழுதட்டும், ஜனவரியில் திரும்பப் பார்க்கட்டும். குமரி மாவட்டத்தில் இருப்பதால் கிடைக்கிற சௌகரியம் இது, நான் அதைத் தொல்லையாக நினைத்துவிட்டேன். முதல் வகுப்பைத் திசைப் பெயர்களிலிருந்து விலக்கிவைப்பேன். பிள்ளை வரைந்த படத்தில் சிவப்பு மை வைப்பதற்கு முன் அதைத் தரையில் போட்டு ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பேன். தெருவுக்கு அழைத்துப் போக இரண்டு பெற்றோரைத் துணைக்குக் கேட்பேன். அந்தப் பாட்டாவை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கலாம், கோபுரத்தையும் மலையையும் நேர் வைப்பதை அவரே காட்டியிருப்பார். கேட்க வேண்டும் என்று தள்ளிப்போட்டே ஆண்டு முடிந்துவிட்டது.

2024-25இல் அந்தப் பதினோரு பேரும் நான்காம் வகுப்புக்கு, பக்கத்து அறைக்குப் போனார்கள். அங்கே வரைபடம் மேற்குச் சுவரில்தான் தொங்குகிறது. வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல், ஆணி அடிக்க இடமில்லை. தரையில் விரிக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.